இதால எதை அடிப்பாங்க?

ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவர், செல்போனில் காட்டிய துப்பாக்கிப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார். முழுத் துப்பாக்கியை அல்ல, சுடும்போது சுத்தியல்போல் விழுந்து அடிக்கும் குதிரையை மட்டும். படத்தைக் காட்டியவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இரண்டு விரலைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

படத்தில் இருந்தது அமெரிக்கர் ஒருவர் வீட்டுப் பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம். மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண், கண்ணாடி மாதிரி மெருகு. அந்த நாட்டின் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இந்த ரகத்தையும் இதன் நகல்களையும் பெரும்பாலும் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதற்கென்று 1933இலிருந்து தேசியச் சங்கம்கூட இருக்கிறது. வில்லியம்ஸ்பர்க் ஊரில் 18ஆம் நூற்றாண்டு முறைப்படி துப்பாக்கி செய்துகாட்டும் பட்டறை ஒன்று உண்டு. டர்னர் இரவெல்லாம் இந்த வீடியோக்களைப் பார்ப்பார். "இந்த ஃபினிஷ் நம்ம லேத்துல வராதா?" என்பார்.

வரும். ஆனால் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காக ஒரு சுருள் இரும்புகூடச் சீவியதில்லை. "ஆசைப்படறதுக்குச் செக்‌ஷன் கிடையாதே" என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வதோடு சரி.

அன்றைக்குப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. "இதால எதை சாமி அடிப்பாங்க?"

"எதையும் இல்லீங்க பெரியவரே. அட்டையில வட்டம் போட்டு, அதைச் சுடுவாங்க."

பெரியவர் சிரிக்கவில்லை. குதிரையை விரித்துப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார், மணி கோக்கப் போய்விட்டார்.

ஏன் குதிரை? தொழில் தெரிந்த கண் அசைகிற பாகத்துக்குத்தான் போகும் என்பது டர்னரின் முதல் ஊகம். குழலும் கட்டையும் சும்மா இருப்பவை. வில் தளர்ந்தால் குதிரை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின்மேல் சரியாக விழாது; அதைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்தால் விசையைத் தொடாமலே விழுந்துவிடும். அப்படியென்றால் அது ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைச் சோதித்த பார்வை. இல்லை, தன் அப்பா தோளில் கிடந்த துப்பாக்கி ஞாபகம் வந்திருக்குமோ? மனைவிக்கு இதெல்லாம் சுத்த வெட்டிப் பேச்சு. "கண்ணு சரியா தெரியாம பெருசு பண்ணியிருப்பாரு, விடுங்க."

டர்னரால் விட முடியவில்லை. சிறுவயதுத் தீபாவளி ஞாபகம் வந்தது. திருமுல்லைவாயலில் நட்டு போல்ட்டுக்குள் பொட்டு வெடியை வைத்து இறுக்கிச் சிமென்ட் தரையில் போடுவார்கள். கடையில் வாங்கிய கேப் துப்பாக்கியைவிட அதில்தான் கிறுக்கு. சத்தத்துக்காக மட்டும் இல்லை, தன் கையால் இறுக்கியது என்பதற்காக. பிறகு எப்போதோ பாதி படித்த, வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் புத்தகம். காலாதுங்கிக் காட்டில் சுற்றிய சிறுவன் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கியும் வாய்வழி மருந்து கெட்டிக்கிற இரட்டைக் குழல்தான். அதில் ஒரு குழல் பிளந்துபோனது. கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பி சுற்றிச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கம்பியைத் தவிரப் புத்தகத்தில் வேறெதுவும் அவருக்கு நினைவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதெல்லாம் ஓடுவது ஆவடியில். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிற ஊர். அங்கே உருவாகும் டி-90 பீஷ்மாவின் 125 மி.மீ. குழலுக்குள்ளும் நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் போலவே வரிப்பள்ளம் கிடையாது. குண்டு தனி, மருந்து தனியாகத்தான் அதிலும் ஏறும். அரசு செய்தால் தளவாடம்.

நரிக்குறவர்களுக்குத் துப்பாக்கி தளவாடமும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. அடுப்பெரிய வேண்டிய சமாசாரம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்து வைத்தது. காட்டுக்கும் பறவைக்கும் அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிழைப்பு போனவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரி வரை ஆயிற்று. அரை நூற்றாண்டு!

ஒருவருக்குச் சோறு போட்ட பொருளை, அதனால் எந்தத் தேவையும் இல்லாத இன்னொருவர் அழகுக்காகச் செய்து பார்க்க நினைப்பது மரியாதையா, கேலியா? மரியாதை என்று டர்னர் ஒருநாள் சொல்வார். மறுநாள், தன் லேத்தையே யாரோ வரவேற்பறையில் பூச்சட்டி வைக்க வாங்கிப் போவதாக நினைத்துப் பார்த்து, கேலிதான் என்பார். பெரியவரிடமே கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போதைக்கு அவர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்வருகிறார். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே உண்டு. இதே கிறுக்கு உங்களுக்கும் இருந்தால் போய்ப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை.