மூன்றாவது நிலை

அரபு மொழியில் ‘கஸல்’ என்றொரு சொல் உண்டு. ‘அஜ்ஸ்’ என்று மற்றொன்று உண்டு. ஆற்றலிருந்தும் செய்ய மனமின்றிக் கிடப்பது கஸல். ஆற்றலே இல்லாதிருப்பது அஜ்ஸ். இவ்விரண்டினின்றும் பாதுகாப்புத் தேடும் நபிமொழிப் பிரார்த்தனையில் இவை தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. வள்ளுவரும் காலம் தாழ்த்தலையும் மடியையும் ஒன்றெனக் கருதாது வேறு வேறாகவே எண்ணினார். இவற்றையெல்லாம் மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் விளக்கியிருக்கிறோம். எனினும் செய்ய விருப்பமும் அறிவும் இருந்தும் கை மட்டும் எழாத மூன்றாவது நிலை ஒன்று உண்டென்பது நமக்குத் தோன்றியதில்லை.

1996-ஆம் ஆண்டு நம்மிடம் ஸர்பு பயின்ற மாணவன் ஒருவன் வினைச்சொல் வாய்பாடுகளைத் தடையின்றி ஒப்பிப்பான். எழுதி வரச் சொன்னால் வெறும் நோட்டைக் கொண்டு வருவான். சோம்பேறி என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசினோம், பிரம்பையும் எடுத்தோம். மறுநாளும் நோட்டு வெறுமையாகவே வந்தது.

சென்ற ஆண்டு அவர் நம்மைக் காண வந்தார். இப்போது கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுத இயலாமல் தவித்து மருத்துவரிடம் சென்றதாகவும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு தமக்கு இருப்பது தெரிய வந்ததாகவும் சொன்னார். “எழுதத் தெரியாமலில்லை ஹஜ்ரத். நோட்டைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கும். நேற்று எழுதாதது, அதற்கு முன்தினம் எழுதாதது எல்லாம் அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்” என்றார்.

நாம் தேடிப் படிக்கலானோம். 1902-ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரை நிகழ்த்தியபோது, இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அழைத்தார். அவர் உரையால் கூறியதை நாம் பிரம்பால் கூறினோம் போலும்! 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, நடத்தைக் கோளாறுடைய 30 குழந்தைகளுக்குப் பென்செட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் 14 பேர் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். ஒழுக்கக் குறை மட்டுமே என்றால் மருந்துக்கு அங்கே என்ன வேலை? இன்றைய பெயர் 1987-இல் அமைந்தது.

ஆயினும் மருந்து மூளைக்குத் துணை செய்யுமேயன்றி, பல்லாண்டு ஏச்சினால் பக்கத்தில் வந்து அமர்ந்த வெட்கத்தை எழுப்பி அனுப்பிவிடாது. அந்த வெட்கமே தொடக்கத்தின் வாயிலை அடைத்து நிற்கிறது. 2010-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களிடையே ஒன்றைக் கண்டனர். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களுள் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. இவர்கள் பொதுவான மாணவர்களே. இக்கோளாறு உடையோரெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். இம்முடிவு முதலில் நமக்கு உவப்பாயில்லை. பிறகு, தவ்பா என்னும் சொல்லின் வேர்ப்பொருள் திரும்புதல்தானே, தன்னைத்தானே ஓயாது அடித்துக்கொள்ளுதல் அன்றே என்று எண்ணிக்கொண்டோம்.

அப்படியானால் கடமை நீங்கிவிடுமோ? நீங்காது. கணக்கு எழுதப்படாவிட்டால் கடைப் பையனின் கூலி நிற்கும்; அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவரே நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். அதனால் வழியொன்று கண்டிருக்கிறார். பேரேட்டைத் திறந்து தேதியை மட்டும் எழுதுவார். அதற்குமேல் முடியாவிட்டால் மூடிவிடலாம் என்பது அவர் தமக்கே கொடுத்துள்ள அனுமதி. பெரும்பாலான நாட்களில் மூடுவதில்லையாம். அந்நேரத்தில் அவர் மனைவி தம் தையலை எடுத்துக்கொண்டு அருகில் வந்து அமர்வார். எழுதியாயிற்றா என்று கேட்கமாட்டார். எட்டிப் பார்க்கவும் மாட்டார்.

அவர் விடைபெற்றுச் சென்ற அன்றே, அப்பிரம்படிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டுமென முடிவு செய்தோம். மறுநாள் பேசலாம் என்றிருந்தோம். ஒரு வாரம் கழிந்தது. இத்தனை நாள் கழித்து என்னவென்று தொடங்குவது என்ற கூச்சம் வந்தது. ஒரு மாதம் ஆனதும் அக்கூச்சம் இருமடங்காயிற்று. தொலைபேசியைக் கையிலெடுத்து, அவர் எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதாக நமக்கே சொல்லிக்கொண்டு கீழே வைத்த நாட்கள் பல. ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியருக்கு ஒரே ஒரு செயலில் நேர்ந்தது இது. அச்சிறுவனுக்கோ நாள்தோறும், நோட்டுத்தோறும் நேர்ந்திருக்கிறது.

மூன்றாம் மாதத்தில், ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று நமக்கே அனுமதி கொடுத்துக்கொண்டு அவர் எண்ணை அழைத்தோம்.