பனியும் போர்வையும்



மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் விடியற்காலைப் பூசைக்குப் புறப்படுகிறவர்களுக்குத் திருக்கடையூர் வயல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தரங்கம்பாடிச் சாலையில் எதிரே வருகிற ஆள் கிட்டத்தில் வந்த பிறகே இன்னாரென்று புலப்படுகிறார். வெயில் ஏறும்வரை மூடுபனிதான்.

கதிர் வாங்கிய சம்பாப் பயிரில் இந்த ஈரம் நாட்கணக்கில் தங்கினால் குலை நோய் காண்கிறது. கழுத்தொடிந்து பதராய்ப் போன கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தப் பாழும் பனியைச் சர்வேசுரன் ஏன் படைத்தார்?" என்று கேளாத குடியானவன் உண்டா? கேட்பது பாவமன்று. ஆனால் பதிலையும் பொறுமையாய்த் தேட வேண்டும்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னே, நிற்கும் நெல்லுக்கிடையே உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோமா? இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் இந்தப் பனியுமே அதை வளர்க்கின்றன. நெல்லுக்குச் சத்துருவாய் வந்த பனியே உளுந்துக்குத் தாயாகிறது. ஆகையால் பனி தன்னிலே கெட்டதன்று. தானியேல் ஆகமத்தில் அக்கினிச் சூளையில் தள்ளப்பட்ட மூன்று வாலிபர்கள், பனியையும் குளிரையும் ஆண்டவரைத் துதிக்கும்படி அழைத்தார்கள் அல்லவா?

நம் ஊரில் பனி உறைவதில்லை. பக்கத்துக் கடல் அவ்வளவு குளிர விடாது. ஏழாயிரம் அடிக்கு மேலே உள்ள உதகமண்டலத்திலோ மார்கழி, தை மாதங்களில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். பகலில் வாங்கிய சூட்டைப் பூமி இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு அவ்வளவாய்ப் போய்விடுவதில்லை. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவிலேதான் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானதால், மேட்டை விட்டுப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே பள்ளத்துத் தேயிலைச் செடிதான் முதலில் கருகும். அங்குள்ள விவசாயி என்ன செய்கிறான்? வானத்தோடு வழக்காடிக் கொண்டிராமல், இளஞ்செடிகளைத் தழையால் மூடி வைக்கிறான். அந்த மெல்லிய மூடல் செடியைப் பிழைக்க வைக்கிறது.

பிரியமானவர்களே, இதிலே நமக்கு ஒரு ஞானம் உண்டு. குளிர் எல்லோருக்கும் பொதுவாய் வருகிறது; ஆனால் பள்ளத்தில் இருக்கிறவனைத்தான் கொல்லுகிறது. பனியை ஏன் படைத்தீர் என்று நாம் சர்வேசுரனைக் கேட்கிறோம். அவரோ, மூடுவதற்கு உனக்குக் கை கொடுத்தேனே, என்ன செய்தாய் என்று நம்மைக் கேட்கிறார். முதற்கேள்விக்கு முழு விடை மோட்சத்தில் கிடைக்கும். இரண்டாவதற்கு இன்றைக்கே விடை சொல்லியாக வேண்டும்.

அர்ச். மார்த்தீனார் ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைக் கண்டபோது, இன்னும் ஞானஸ்நானம் பெறாத போர்ச்சேவகர். குளிரின் காரணத்தை அவர் ஆராயவில்லை. தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு சொப்பனத்தில் அந்தப் பாதியை உடுத்தியிருந்தவர் சேசுநாதரே.

உங்கள் தெருவில் திண்ணையில் முடங்கிக் கிடக்கும் கிழவர் யார்? விடியுமுன் பனியில் நனைந்து அறுப்புக்குப் போகும் தாயின் பிள்ளைக்குப் போர்வை உண்டா? பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் கம்பளி யாருடையது? அடுத்த ஞாயிறு பூசைக்கு வருமுன் பார்த்துவிட்டு வாருங்கள்.