சலுகையும் ஓர் அமானத்தே

பாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுடன் வீடு வந்து சேரும் நோயாளியிடம் மருத்துவர் அழுத்தமாகச் சொல்லியனுப்புவது, "காலை ஊன்றாதீர்கள்" என்பதுதான். எலும்பை வெட்டிச் சீர்செய்திருந்தால் அது கூடுவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்கள் ஆகும். வீக்கம் முழுவதும் வடிய மேலும் சில மாதங்கள் பிடிக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இக்காலம் இன்னும் நீளும். நேற்றுவரை ஓடியாடித் திரிந்தவர், இன்று குளியலறைக்குச் செல்வதற்கும் மகனின் தோளைப் பிடிக்க வேண்டியவராகிறார். பாங்கொலி காதில் விழுகிறது; பள்ளிவாசல் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது; ஆனால் போக இயலவில்லை.

இந்நிலையில் இரண்டு விதமான மனிதர்களை நாம் காண்கிறோம். ஒருவர், உட்கார்ந்து தொழுவதை ஈமானின் குறைவாக எண்ணிக்கொண்டு, தையல் பிரிக்காத காலை ஊன்றி நிற்கிறார். மற்றவர், காயம் ஆறி, கடைவீதிக்கும் கல்யாண வீட்டுக்கும் நடந்து போய்வரத் தொடங்கிய பின்னரும், தொழுகைக்கு மட்டும் நாற்காலியைத் தேடுகிறார். முதலாமவரைப் பக்திமான் என்று புகழ்கிறோம். இரண்டாமவரைப் பற்றி முணுமுணுக்கிறோம். உண்மையில் இவ்விருவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மார்க்கம் தரும் சலுகை எதற்காக? அது எதுவரை?

முதலாமவரிடமிருந்து தொடங்குவோம். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒருமுறை குதிரையிலிருந்து பேரீச்ச மரத்தின் அடிக்கட்டை மீது விழுந்து, பாதத்தின் மூட்டு பிசகிவிட்டது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நலம் விசாரிக்கச் சென்ற தோழர்கள், அண்ணலார் அமர்ந்தவண்ணமே தொழுவதைக் கண்டார்கள். இரவுத் தொழுகையில் பாதங்கள் வீங்குமளவு நின்றவர்களும் அதே நபிகளார்தாம்! நிற்க முடிந்தபோது வீங்கும் வரை நின்ற பாதம், அடிபட்டபோது ஓய்வெடுத்தது. வணக்கத்தின் மீது அவர்கள் கொண்ட பிரியம் இதனால் அணுவளவேனும் குறைந்ததா? இல்லையே!

மற்றொரு சம்பவத்தையும் சிந்தியுங்கள். முதியவர் ஒருவர் இரு மகன்களின் தோள்களில் தொங்கியபடி கால்களை இழுத்துக்கொண்டு வந்தார். நடந்தே சென்று கஃபாவை அடைவதாக நேர்ச்சை செய்திருந்தாராம். இம்மனிதர் தம்மைத்தாமே வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தைத் தெரிவித்த பெருமானார் (ஸல்) அவர்கள், வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய இடமில்லை என்று உடனிருந்தவர்கள் கூற, அவர் குளித்து, அதனால் இறந்துபோனார். செய்தி அறிந்த நபிகளார், அந்தச் சாவுக்கு அவர்களையே பொறுப்பாக்கிக் கடிந்துகொண்டார்கள். "என்ன இருந்தாலும் நின்று தொழுதால்தானே திருப்தி" என்று நோயாளியைத் தூண்டிவிடும் உறவினர்கள் இதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

உடல் நமது சொத்தன்று. இறைவன் ஒப்படைத்த அமானத். ஒட்டாத எலும்பின் மீது பாரத்தைப் போட்டு அதை மீண்டும் விலகச் செய்வது, அமானத்துக்குச் செய்யும் துரோகம். நோயுற்றவருக்கு, அவர் சுகமாக இருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் கூலி தொடர்ந்து எழுதப்படுகிறது என்று நபிமொழி ஆறுதல் கூறுகிறது. பள்ளிவாசலுக்குச் சென்றுவந்த கால்கள் கட்டிலில் கிடக்கும்போது, கூலி நின்றுவிடவில்லை. பின் எதற்காக வருந்த வேண்டும்?

இனி இரண்டாமவர். சலுகை காரணத்தோடு வருவது. காரணம் நீங்கினால் அதுவும் நீங்கிவிடும் என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. காயத்தின் கட்டு இதற்கு நல்ல உதாரணம். கட்டின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. காயமில்லாத பகுதியைக் கழுவி, கட்டின் மீது மஸ்ஹு செய்து, தயம்முமும் செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஆனால் புண் ஆறிக் கட்டு அகன்றுவிட்டால், பழைய மஸ்ஹு இனிச் செல்லாது. பாதத்தைக் கழுவியே ஆகவேண்டும். நேற்று அல்லாஹ்வின் கட்டளைக்குப் பணிந்து உட்கார்ந்தவர், இன்று அதே பணிவினால் எழுந்து நிற்க வேண்டாமா?

ஆனால் காரணம் நீங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது? இங்கேதான் சிக்கல். வலி நின்றுவிட்டது என்பதைச் சிலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது எப்போதும் சரியான சாட்சியன்று. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. உணர்ச்சி மரத்துப்போவதால், காயம்பட்ட காலிலேயே அவர்கள் தொடர்ந்து நடப்பதுதான் பாதத்தை அழிக்கிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். சர்க்கரை வியாதியால் நரம்பு மரத்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்கள் வலி இல்லையென்று நம்பி நடந்தால், ஆறிய புண் மீண்டும் திறந்துகொள்ளும். எனவே, எப்போது ஊன்றலாம் என்பதைத் திறமையும் நேர்மையும் உள்ள மருத்துவரிடமும், எப்படித் தொழுவது என்பதை மஸ்அலா அறிந்த ஆலிமிடமும் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

குணமடைதல் ஒரே நாளில் வருவதன்று. முதலில் வாக்கர், பிறகு ஊன்றுகோல், பிறகு மென்மையான செருப்பு என்று படிப்படியாகத்தான் வருகிறது. தொழுகையும் அவ்வாறே திரும்பிவரும். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபிகளார் வழிகாட்டினார்கள். முடியாத ஒன்றுக்காக முடிந்ததை விட்டுவிடலாகாது என்பதையே சட்ட வல்லுநர்கள் இதிலிருந்து பெறுகிறார்கள். நிற்க முடிந்து, ஸுஜூதுக்குக் குனிய முடியாதவர் எவ்வாறு தொழுவது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அவரவர் மத்ஹபின்படி கேட்டு நடப்பதே சரி. பக்கத்தில் நாற்காலியில் தொழுபவரின் காலை அளந்து பார்ப்பது நமது வேலையன்று. அவரது பாதத்தின் நிலை அவருக்கும் அவரைப் படைத்தவனுக்குமே தெரியும்.

இல்லத்தாருக்கு ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டின் தாயாக இருந்தால் என்ன நடக்கிறது? தந்தைக்குப் 'படுத்திருங்கள்' என்ற உபசாரம் இரண்டு மாதம் நடக்கிறது. தாயோ பத்தாம் நாளே ஒற்றைக் காலில் நின்று ஆணம் காய்ச்சுகிறாள், "உம்மா மாதிரி வருமா!" என்று பிள்ளைகள் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி அவளுக்கு மார்க்கம் தந்த ஓய்வைப் பறித்துக்கொள்ளும் தந்திரமாகிவிடக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த ஸுன்னத்தை நடைமுறைப்படுத்த இதைவிடப் பொருத்தமான காலம் வேறு எது?

பழைய நிலைக்குத் திரும்பவே இயலாதவர்களும் இருக்கிறார்கள். விரலையோ பாதத்தையோ இழந்தவர்களுக்குக் காரணம் நீங்குவதில்லை. ஆகவே சலுகையும் நீங்குவதில்லை. மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள், டமாஸ்கஸில் கலீபா வலீதிடம் சென்றிருந்தபோது, அழுகல் நோயால் கால் வெட்டப்பட்டது. அதே பயணத்தில் மகனையும் பறிகொடுத்தார்கள். இழந்ததைச் சொல்லிப் புலம்பாமல், எஞ்சிய உறுப்புகளையும் எஞ்சிய மக்களையும் எண்ணி இறைவனைப் புகழ்ந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. அந்தக் காலுடன் போகாமல், அந்தக் கல்வியுடன் அவர்கள் மதீனா திரும்பினார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உட்கார வேண்டிய நாளில் வெட்கமின்றி உட்காரவும், நிற்க வேண்டிய நாளில் சோம்பலின்றி நிற்கவும் நம் மனசாட்சியைப் பழக்குவோம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.