தனக்கு வராத தலைவலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அனுபவப்பட்ட பேச்சுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், நோயாளியின் பாடு இன்னொரு நோயாளிக்கு மட்டுமே புரியும் என்றாகிவிடும். கல்லூரி நாட்களிலிருந்து மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியோடு வாழ்ந்துவரும் எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

வலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஒற்றைத் தலைவலி தனியாக வருவதில்லை. முந்தின நாளே காரணமில்லாமல் கொட்டாவி வரும், கழுத்து இறுகும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும். சிலருக்கு அடுத்ததாகக் கண்ணில் ஒரு மாற்றம் தெரியும். படித்துக்கொண்டிருக்கும் வரியில் நடு எழுத்து மறைந்துபோகும். அந்த இடத்தில் ஒரு புள்ளி மினுங்கும். மெல்ல மெல்ல அது பல்பல்லாய் நெளியும் ஒளிக்கோடாக விரிந்து, பார்வையின் ஓரம்வரை நகர்ந்துபோய், அரைமணி நேரம் போல இருந்துவிட்டு மறையும். கண்ணை மூடினாலும் தெரியும். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளருக்கும் இது வந்ததுண்டு. அவர் தமக்குத் தெரிந்த ஒளிக்கோட்டை அவ்வப்போது வரைந்து, நேரம் குறித்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோக வேண்டும் என்று 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டைட்ஸ் லியாவ், முயலின் மூளையில் அதே போன்ற நிதான வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டு எழுதினார். அது கடந்துபோகும் இடத்தில் நரம்பணுக்களின் இயக்கம் சற்று நேரம் அடங்கிவிடுகிறது. பின்னாளில் இரண்டையும் பொருத்திப் பார்த்தவர்களுக்கு, லாஷ்லி சொன்னது அப்படியே ஒத்துவந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். நோயாளி தன் உடம்பைப் பற்றிக் கவனமாகச் சொன்ன சொல், கருவி எதுவும் காட்டுவதற்கு முன்பே உண்மையாக இருந்திருக்கிறது.

வலி தொடங்கிவிட்டால் கூடவே குமட்டல். வயிற்றின் வேலை மந்தப்பட்டுவிடுவதால் விழுங்கிய மாத்திரை உடம்பில் சேரத் தாமதமாகும். ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். அதற்காக அடிக்கடி போட்டால், மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கும். அந்த ஜாக்கிரதையும் நம் தலையில்தான்.

இவற்றையெல்லாம்விட என்னைச் சங்கடப்படுத்துவது வேறு. ஜன்னல் வெளிச்சம், குக்கர் விசில், தாளிக்கிற வாசனை எல்லாமே அந்த நேரத்தில் தாங்காது. சீப்பு பட்டால் தலைத்தோல் எரியும். அம்மா பதறிக்கொண்டு வந்து நெற்றியில் தைலம் தேய்ப்பார். அந்த வாசனையில் வயிறு புரளும், அந்த விரல் பட்ட இடம் வலிக்கும். "வேணாம்மா, தொடாதே" என்பேன். அவர் கை அப்படியே நின்றுவிடும். ஆசையாக நீளும் கையை விலக்கச் சொல்ல வைக்கிற நோய் இது. சுற்றியிருப்பவர்களிடமிருந்து ஆளைப் பிரித்து இருட்டறைக்குள் தள்ளுவது வலியைவிட, அதன் கூட வருகிறவைதான்.

எனவே தலை தெளிவாக இருந்த ஒரு நாளில் அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். விளக்கை அணைப்பது, தண்ணீரும் ஒரு பாத்திரமும் பக்கத்தில் வைப்பது, கதவைச் சாத்திவிடுவது. அவ்வளவுதான். தேய்த்துவிடுவதைவிடக் கதவைச் சாத்துவது அம்மாவுக்குக் கஷ்டம். ஆனாலும் செய்கிறார். அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தத் தலைவலி வந்ததில்லை.

வீட்டுக்கு வெளியே "தலைவலிதானே" என்ற ஒரு சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கக்கூடிய நோய் இது. வலி விட்ட மறுநாளும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். பேச எடுத்த வார்த்தை நாக்குவரை வந்து நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அவர்களில் எத்தனையோ பேர் குமட்டலை அடக்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார்கள். படுத்தால் சாக்கு என்று பெயர் வரும்.

இன்னொருவர் வலியை நாம் உணர முடியாது; அந்த மட்டில் பழமொழி சரி. ஆனால் உணர்ந்த பிறகுதான் நம்புவேன் என்பது நியாயமில்லை. வெளிச்சம் குத்துகிறது என்று ஒருவர் சொன்னால் விளக்கை அணைக்க அந்தச் சொல் போதும். அதற்கு நமக்கும் தலை வலித்திருக்க வேண்டியதில்லை.