தந்தையின் கடன்

‘கடன்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் கடன். எதையும் வாங்காமலே செய்து தீர வேண்டிய கடமையும் கடன். மளிகைக் கடைக்காரருக்குத் தர வேண்டியதையும், பெற்ற பிள்ளைக்குச் செய்ய வேண்டியதையும் ஒரே சொல் குறிக்கின்றது. ஆயினும், இரண்டும் ஒரே எடை உடையனவா?

இவ்வினாவை ஒரு நிகழ்ச்சியின் வாயிலாக எண்ணிப் பார்ப்போம். மனைவியைப் பிரிந்து வாழும் ஒருவன், பிள்ளைக்கென நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தை மூன்றாண்டுகளாகக் கொடுக்கவில்லை. சாலை விபத்தில் அவன் கால் முறிகின்றது. காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்க முன்வருகின்றது. அப்பணத்தை முழுவதுமாக அவன் கையில் கொடுப்பதா? பிள்ளைக்குரிய நிலுவையைக் கழித்துக்கொண்டு கொடுப்பதா?

அமெரிக்க நாட்டில் இதற்கு விடை சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைப் பெற்றுத் தரும் திட்டத்தை அந்நாடு 1975-ஆம் ஆண்டு தொடங்கியது. சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். திரும்ப வரும் வருமான வரியையும் பிடித்தார்கள். நிலையான மாதச் சம்பளம் இல்லாதவரிடம் இம்முறைகள் முழுப்பயன் தரவில்லை. 2006-ஆம் ஆண்டு நிறைவேறிய ஒரு சட்டம், நிலுவை வைத்திருப்போரின் பட்டியலைக் காப்பீட்டு இழப்பீடு கோருவோரின் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வழி வகுத்தது. பெயர் பொருந்தினால், பிள்ளைக்காக அத்தொகையின் மீது உரிமை கோரப்படும்.

இங்கே நம் நெஞ்சம் சற்றுத் தயங்குகின்றது. அந்தப் பணம் அவன் பட்ட வலிக்கு ஈடாக வந்ததன்றோ? முறிந்த காலுக்குக் கிடைத்ததில் பிறர் கை வைப்பது அறமாகுமா? மேலும், நிலுவை வைத்தவர் எல்லாரும் கொடியவர் அல்லர். வேலை இழந்து, கொடுக்க வழியின்றி நாணி ஒதுங்கியவரும் அவர்களுள் உண்டு.

இத்தயக்கம் நியாயமானதே. அதனால்தான் நியூ ஜெர்சி மாநிலச் சட்டம் ஓர் அளவு வகுத்தது. மருத்துவச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் போன்றவை கழிந்த பின்னர், எஞ்சுவதில் 2,000 டாலருக்கு மேற்பட்ட தொகையே பிள்ளையின் நிலுவைக்குரியது என்பது அதன் கருத்து. முதலில் காயம் ஆறட்டும். அதன்பின் பசி ஆறட்டும் என்பது போன்ற இவ்வரிசையில் நீதி இருப்பதாகவே நாம் கருதுகின்றோம். வறுமையால் கொடுக்க இயலாதிருந்த தந்தைக்கும் இது தண்டனை அன்று; அவன் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கும் வாய்ப்பேயாகும்.

இனி, நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-ஆம் பிரிவு, எவ்வெவற்றை ஜப்தி செய்யலாகாது என்று கூறுகின்றது. சாதாரணக் கடன்களுக்காக ஒருவர் சம்பளத்தைப் பற்றும்போது முதல் 1,000 ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடலாகாது. ஆனால், ஜீவனாம்சத் தீர்ப்பாயின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே அப்பாதுகாப்பு உண்டு. அஃதாவது, பிள்ளை மற்றக் கடன்காரர்களுள் ஒருவன் அல்லன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது!

அதே பிரிவில் 1976-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் சேர்ந்தது. கடன்பட்டவரின் ஆயுள் காப்பீட்டின்படி செலுத்தப்பட வேண்டிய தொகை அனைத்தும் ஜப்திக்கு அப்பாற்பட்டது என்பதே அத்திருத்தம். சம்பளத்தில் காட்டிய வேறுபாட்டைச் சட்டம் இங்கே காட்டவில்லை. இதன் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. குடும்பத்திற்கென ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்ததை வட்டிக்குக் கொடுத்தவர் அள்ளிச் செல்லலாகாது என்றே இவ்வேலி இடப்பட்டது. ஆனால், வேலி யாருக்காக? குடும்பத்திற்காக இட்ட வேலிக்கு வெளியே அக்குடும்பத்துப் பிள்ளையையே நிறுத்துவது முறையாகுமா? கடன்காரருக்கு மூடிய கதவு, கடமைக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.

குற்றவியல் நடைமுறையின்படியும் வழி உண்டு. முன்பு 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக விளங்குகின்றது. நிலுவை வைத்தவரை, தவறிய ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம் வரை சிறையில் இடலாம். ஆனால், தந்தை சிறையில் இருப்பதால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டுவிடுமா? மேலும், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காவிடில் இவ்வழியில் அதனை வசூலிக்க இயலாது. இன்று கொடுப்பார், நாளை கொடுப்பார் என்று பொறுத்திருக்கும் தாய்மார் இதனை அறிந்திருத்தல் நலம்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது அயலார் செய்தி அன்று. ஊரில் இருந்தால் பெரியப்பாவும் தாய்மாமனும் திண்ணையில் அமர்ந்து கேட்டிருப்பார்கள். இங்கே கேட்பார் இல்லை. பணவிடை நின்றுபோன வீடுகள் நம் கண்ணெதிரே இல்லையா?

சட்டம் மாறும் வரை நாம் செய்யத் தக்கது ஒன்று உண்டு. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மணமானவர் ஒருவர் தம் ஆயுள் காப்பீட்டை மனைவி மக்களின் நன்மைக்கென எழுதி வைக்க இடமளிக்கின்றது. அது அவர்களுக்குரிய அறக்கட்டு ஆகிவிடும். கடன்காரர் அதைத் தொட இயலாது. பின்னாளில் சினம் கொண்டு மனம் மாறினாலும் எழுதியவரே அதைத் தம் விருப்பம் போல் ஆள இயலாது. அன்பு நிறைந்திருக்கும் நாளிலேயே, அன்பு குறையக்கூடிய நாளுக்காகச் செய்யும் ஏற்பாடு அது.

பட்டியலை ஒப்பிட்டுப் பணத்தைப் பிடிக்கலாம். பாசத்தைப் பிடிக்க எச்சட்டத்தாலும் இயலாது. ஆயினும், பாசம் வரும் வரை பசி காத்திராது. கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் முறித்துவிடலாம். தந்தை மகவு என்ற உறவை முறிக்கும் நீதிமன்றம் எங்கும் இல்லை. எனவே, எந்தக் காப்பீட்டுப் பணம் ஒரு தந்தையின் கைக்கு வந்தாலும், அவன் முதலில் கேட்க வேண்டியது, ‘இதில் என் பிள்ளையின் பங்கு எவ்வளவு?’ என்பதே.