இலையால் செய்ய முடியாதது

கல்முனைக் கரையில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. வளவு என்று மிஞ்சுவது கொஞ்சம் மணல். அதனால் பின்னறையில் ஒரு ரிஜிபோம் பெட்டி வைத்தேன். மீன் ஏற்றும் அதே வெள்ளைப் பெட்டிதான். உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்து, அல்பேட் பசளைக் கரைசல் ஊற்றி, மூடியில் துளையிட்டு, யோகட் கோப்பைகளில் சலாது நட்டேன். மேலே சிவப்பும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. விளக்கு. அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்தால்தான் நிறம் பிடிபடும்.

ஒருநாள் அப்படிக் கொண்டுவந்தபோது கீழிலைகள் நல்ல பச்சை. குருத்து மட்டும் வெளிறி, நரம்புகள் பச்சைக் கோடுகளாக நின்றன. உம்மா குனிந்து பார்த்தார். "வெளிச்சம் நல்லாத்தானே கெடக்கு, பின்ன ஏன் மகன் வெளுக்குது?"

இரும்புக் குறை. பழைய இலைக்குள் போன இரும்பு அங்கேயே தங்கிவிடும், குருத்துக்கு ஏறி வராது. ஆகவே இல்லாமை முதலில் தெரிவது புதிதாய்ப் பிறப்பதில். பெட்டியில் இரும்பு இருந்தது. கரைசலில் காரத்தன்மை கூடியதால் வேருக்கு எட்டாமல் படிந்துவிட்டது. அதைச் சரிசெய்தேன். இன்று நீரில் நாகம், அயடீன், செலீனியம் என்று அளந்து சேர்த்து, உண்பவர் உடலுக்கு வேண்டியதையும் இலைக்குள் ஏற்றுகிறார்கள். செலீனியத்தில் மட்டும் கை நடுங்கவேண்டும். போதுமான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இங்கே அம்பாறை வெள்ளாமைக்கு வெயில் குறையவில்லை. இருந்தும் பசளையில்லாத பயிர் வெளிறியது. நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெயில் இருந்தபோது பசளை இல்லை; பசளைத் தடை நீங்கியபின் விளக்குக்கு மின்சாரம் இல்லை. ஒன்றால் மற்றதை ஈடுசெய்யவும் முடியவில்லை.

ஒளியும் காற்றும் நீரும் கிடைத்தால் இலை தன் சீனியைத் தானே செய்துகொள்ளும். இரும்பில் ஒரு துகளைக்கூட அதனால் செய்ய முடியாது. மண்ணும் செய்யவில்லை; எப்போதோ வெடித்த விண்மீன்களில் உருவானதை வைத்திருந்து கொடுக்கிறது. குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்துக்கு இரும்பின் பெயர்தான், அல்ஹதீத். இரும்பை இறக்கப்பட்ட ஒன்றாகவே அது பேசுகிறது. சிறுவயதிலிருந்து ஓதிவந்த எனக்கு அந்தச் சொல்லின் கனம் ஒரு வெளிறிய குருத்தின் முன்னால்தான் உறைத்தது. உயிர் எவ்வளவு கெட்டித்தனம் காட்டினாலும் சிலவற்றை வாங்கித்தான் வாழவேண்டும். வாங்கியதைக் கைமாற்றித்தான் போகவேண்டும்.

இலைப்பச்சையின் நடுவில் மக்னீசியம், இரத்தச் சிவப்பின் நடுவில் இரும்பு. இரண்டையும் சுற்றிய வளையம் ஏறக்குறைய ஒன்றே. வயிற்றுப்பிள்ளை கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து இரும்பை வாங்கிச் சேமிக்கிறது. பிறந்து ஆறு மாதம்வரை அதுதான் அதன் கையிருப்பு.

தங்கச்சி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசை ஜன்னலோரம் இருக்கிறது. பகல் சோற்றோடு உம்மா கீரைச் சுண்டல் வைத்து, அதன்மேல் அரைத் தேசிக்காயைப் பிழிகிறார். தங்கச்சி பிளேன்டீக்குக் கை நீட்டுகிறாள். உம்மா கோப்பையைத் தன்பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.