முகர்ந்த பூ

பூவை முகர்ந்து பார்ப்பது குற்றமா என்று கேட்டால் வாசகர்கள் சிரிக்கலாம். பூ வேறு எதற்காக இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் அது குற்றமாகத்தான் இருந்தது. அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் நான்தான்.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் கிணறு, கிணற்றைச் சுற்றி நாலு பாத்தி. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு அப்பா நெய்வார். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும்; உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. மூன்றாவது நாடாவைத் தள்ள ஒரு கையாள் வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத வேளைகளில் அந்தக் கையாள் நான். சேலையின் உடலெங்கும் ஜரிகையில் மல்லி மொக்கு விழும். கரையில் தாழம்பூ ரேக்கு ஓடும். அந்த மொக்குகளெல்லாம் முன்பின் தெரியாத யார் யார் கல்யாணத்துக்கோ போயின. அம்மா நூல் புடவைதான் கட்டிக்கொண்டாள்.

பின்கட்டுப் பாத்திகள் அத்தையின் ராஜ்யம். இருபது வயதுக்குள் விதவையாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அத்தை. பகலெல்லாம் ராட்டினத்தில் தார் சுற்றுவாள். விடியற்காலையிலும் அந்தியிலும் செடிகளோடு இருப்பாள். மல்லிகை, நித்தியமல்லி, துளசி, மருக்கொழுந்து, மூலையில் ஒரு பவழமல்லி மரம். பூவெல்லாம் வரதராஜப் பெருமாளுக்கு. ஒரு பூகூட வீட்டில் தங்கக் கூடாது என்பது பாட்டி போட்ட சட்டம். அத்தை தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குப் பாட்டியின் சட்டம் தேவைப்படவில்லை. அதை ஊரே போட்டிருந்தது.

“உன் தோட்டம் நல்லா இருக்கு அத்தை” என்று ஒரு நாள் சொன்னேன்.

“என்னுதாடா? பெருமாளுது” என்றாள், களையைப் பிடுங்கிக்கொண்டே.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு விடியற்காலையில் கிணற்றடிக்குப் போனவன், அத்தை இரண்டு கையாலும் மல்லிகையை அள்ளி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றாள். நான் உள்ளே ஓடிப்போய், “பாட்டி! அத்தை பெருமாள் பூவை மோந்து பாக்கறா!” என்று கத்தினேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உலகத்தில் பாதித் தீங்கு அப்படித்தான் நடக்கிறது.

பாட்டி வந்து பூக்குடலையை வாங்கித் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் முதல், மூக்கையும் வாயையும் ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டுதான் அவள் பூப்பறித்தாள். சாகிற வரையில் அப்படித்தான்.

பாட்டியை நான் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய மரபு நின்றது. பெரிய புராணத்தில் கழற்சிங்கர் என்று ஒரு பல்லவ மன்னர் வருகிறார். காஞ்சியை ஆண்ட குலத்தவர். அவருடைய அரசி திருவாரூர்க் கோயிலில், பூ மண்டபத்துக்கு அருகே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள். அதைப் பார்த்த செருத்துணையார் அவள் மூக்கை அறுத்தார். மன்னர் வந்து விஷயத்தைக் கேட்டு, பூவை எடுத்தது கைதானே என்று அந்தக் கையை வெட்டினார். இருவரும் அறுபத்து மூவரில் இடம் பெற்றார்கள். அரசியின் கதி பிறகு என்ன ஆயிற்று என்று சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பல வருஷங்கள் கழித்துச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில், அமெரிக்கத் தோட்டப் பத்திரிகைகள் சிலவற்றைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். விலை மலிவு, வாங்கினேன். முதலில் ஆங்கிலத்தைத் தடவித் தடவிப் படித்தேன். பிறகு அவற்றைச் சேர்ந்தவற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம், அந்த நாட்டில் தோட்ட எழுத்துக்கு ஒரு வசந்த காலம். 1901-ல் ‘கன்ட்ரி லைஃப் இன் அமெரிக்கா’ என்ற பத்திரிகை, லிபர்ட்டி ஹைட் பெய்லி என்ற தாவரவியல் அறிஞரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. 1905-ல் அதே பதிப்பகத்தார் ‘கார்டன் மேகஸின்’ கொண்டுவந்தார்கள். பட்டணத்தில் உத்தியோகம், ரயில் போகிற தூரத்தில் வீடு என்று மத்தியதர வகுப்பார் வாழத் தொடங்கிய காலம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் இருந்தது. அதில் என்ன செய்வது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சொல்ல வந்தவர்களில் பலர் பெண்கள்.

அவர்களுக்கு வழிகாட்டி போல, 1894-லேயே ஸீலியா தாக்ஸ்டர் என்ற கவிஞர், ஆப்பிள்டோர் தீவில் ஐம்பது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் உள்ள தம் பூப்பாத்திகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நாற்றுகளை முட்டை ஓட்டுக்குள் வளர்த்துக் கடல் கடந்து தீவுக்குக் கொண்டுபோனவர் அவர். எங்கள் பின்கட்டும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இந்தப் பக்கங்களில் என்னை உலுக்கியது ஒரே ஒரு சொல். ‘என்’ என்ற சொல். என் ரோஜா, என் பாத்தி, நான் செய்த தவறு, எனக்குப் பிடித்த நிறம். லூயிஸ் பீப் வைல்டர் 1916-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு ‘என் தோட்டம்’ என்றே பெயர். அதே அம்மாள் 1932-ல் வாசனையுள்ள செடிகளைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதைப் பற்றி அறிந்த அன்று எனக்கு அத்தையின் மூக்கைக் கட்டியிருந்த துணிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே எல்லாம் சுதந்திரம், இங்கே எல்லாம் அடிமைத்தனம் என்று நான் சொல்லவரவில்லை. 1915-ல் ஒரு நல்ல தோட்டப் புத்தகம் வந்தது. எழுதியவர் லூயிஸா கிங். ஆனால் அட்டையில் இருந்த பெயர் ‘மிஸஸ் பிரான்ஸிஸ் கிங்’. அதாவது புருஷனுடைய பெயர். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் ஓட்டுரிமை பெற்றது 1920-ல்தான். சொத்திலும் சர்க்காரிலும் சொல்ல முடியாத ‘என்’னை அவர்கள் ஒரு செடியிடம் சொல்லிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொன்றும் உண்டு. ‘என் தோட்டம்’ என்று எழுதிய வசதியுள்ள சீமாட்டிகளுக்குக் குழி வெட்டிக் கொடுத்த கூலியாள் யார் என்று தேடினால், அநேகமாகப் பெயர் கிடைக்காது. மல்லி மொக்கு நெய்த அப்பாவின் பெயர் சேலையில் இல்லாததைப் போலத்தான்.

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சம்பிரதாயத்தில் பற்றுள்ளவர். “விருந்தாளிக்கு இலை போடுமுன் நாம் சாப்பிடுகிறோமா? கொடுக்கப் போவதை முதலில் தான் அனுபவிப்பது ஆசை. அந்த ஆசையை அடக்கத்தான் நந்தவனமே” என்றார். நியாயம்தான். திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் தோட்டம் வைத்து, பூத்ததையெல்லாம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நடந்து வரதனிடம் சேர்த்தார் என்பது எங்கள் ஊர் வழக்கு. அந்த அடக்கத்தில் ஒரு பேரழகு இருக்கிறது. அதோடு, கோயிலுக்குப் போன பூ அங்கேயே நிற்பதும் இல்லை. பிரசாதமாகத் திரும்பி, பெயர் தெரியாத நூறு பேர் கைக்கு வருகிறது. வேலிக்குள் பூத்து வேலிக்குள் உதிரும் பூவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆனால் நம்பிகளுக்குப் பெருமாள் பேசினார் என்கிறார்கள். ஆலவட்டம் வீசும்போது இருவரும் உரையாடுவார்களாம். அத்தையிடம் யார் பேசினார்கள்? நம்பிகள் தாமாக ஏற்றது விரதம். பிறர் சுமத்தினால் அதற்குப் பட்டினி என்று பெயர். எல்லாம் உடையவன் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அது தியாகம். வேறு எதுவுமே இல்லாதவளிடமிருந்து அந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டு, அதையும் தியாகம் என்று சொல்வது எந்த நியாயம்?

அதே மரபுக்குள்தான் வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையும் இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள் கோதை. பெரியாழ்வார் பதறி வேறு மாலை கட்டினார். பெருமாள் அதை வேண்டாம் என்று, அவள் சூடியதையே கேட்டார். அவள் முகர்ந்தும்தான் பார்த்திருப்பாள். ஒரு கதையில் மூக்குப் போயிற்று. இன்னொரு கதையில் முகர்ந்தவளே தெய்வமானாள். இரண்டும் நம்முடைய கதைகள்தான். எங்கள் வீட்டில் மார்கழி முழுவதும் கோதையின் பாட்டைப் பாடினோம். மற்ற மாதங்களில் அரசியின் கதைப்படி நடந்தோம்.

‘இது என்னுடையது’ என்று ஒரு கணமாவது உணர்ந்தவன்தான் ஒன்றைக் கொடுக்க முடியும் என்று இப்போது நினைக்கிறேன். மகிழ்ந்து, பிறகு கொடுப்பது கொடை. மகிழவே விடாமல் வாங்கிக்கொள்வது வசூல். அன்று காலை கிணற்றடியில் அத்தை கையில் இருந்தது, அவள் வாழ்நாளில் கொடுத்த பூக்களுக்குள் உண்மையான கொடையாக ஆகியிருக்கக்கூடிய ஒரு கை பூ. அதைத் தென்னை மரத்தடிக்கு அனுப்பியவன் நான்.

இப்போது எங்கள் வீட்டு மாடியில் நாலு தொட்டி மல்லிகை இருக்கிறது. சாயங்காலம் என் பெண் மொக்குப் பறிக்கப் போகிறாள். சுவாமி படத்துக்குப் போடுமுன் ஒவ்வொரு கையையும் முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை.